வெறும் கதிரைகளை எண்ணும் சபை

எங்கள் ஊர்ப் பிரதேச சபைக்குப் பல வருடங்களுக்குப் பிறகு தேர்தல் நடந்து, உறுப்பினர்கள் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அதுவரை செயலாளர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இனி வேலைகளைத் தெரிவுசெய்யும்போது மக்களையும் கேட்க வேண்டும் என்று எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் விரும்புகிறது. திருகோணமலைப் பக்கம் ஒரு சபை இதைத் தொடங்கிவிட்டதாம். போய்ப் பார்த்து எழுதி வரும்படி என்னிடம் சொன்னார்கள். அரச வேலையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கும். வேறு தகுதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு, கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

வவுனியாவில் காலை 5.30 பஸ். கட்டணம் 340 ரூபாய். 8.25க்குத் திருகோணமலை. பஸ் நிலையத்தருகே பேக்கரியில் வாங்கிய பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மான் ஒன்று வந்து நின்று பார்த்தது. கொடுக்கலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிக்குமுன் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. பால் விடாத பிளேன்ரீ 50 ரூபாய். 9.00 மணிக்குக் கரையோர வீதி பஸ். உப்புவெளி, நிலாவெளி தாண்டி 24 கிலோமீற்றரில் இறங்கினேன். கட்டணம் 110. ஊரின் பெயரை எழுதவில்லை. அந்த ஊராரிடம் அனுமதி கேட்க மறந்துவிட்டேன்.

பொது மண்டபம் இறங்கிய இடத்திலிருந்து முந்நூறு மீற்றர். வாசலில் தயங்கி நின்றவனை உள்ளே அழைத்தவர் பரீதா. கருவாட்டுக் கூடையுடன் தினமும் பஸ்ஸில் நகரச் சந்தைக்குப் போகிறவர்.

"இஞ்ச வந்து இருங்கோ ஐயா, ஃபானுக்குக் கீழ. காத்து வரும்."

இருந்தேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

அந்தச் சபைக்கு வருமானம் கடை வரியும் சந்தைக் குத்தகையும்தான். ஆகவே முதலில் ஒரு வட்டாரத்தில், ஒரே ஒரு வேலையை மட்டும் மக்களிடம் விட்டிருக்கிறார்கள். பஸ் தரிப்பிடத்துக்குக் கூரையா, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைக்கு விளக்கா? இரண்டையும் செய்யக் காசு இல்லை.

"மழைக்குள்ள நிண்டு நிண்டு கூடை முழுக்க ஊறிப்போகுது. நனைஞ்ச கருவாட்டை ஆர் வாங்குவினம்?" என்றார் பரீதா.

எதிர்ப்பக்கம் மீனவர் யோகன் எழுந்தார். "விடியமுன்னம் கடலுக்குப் போற எங்கட கால்களையும் பாருங்கோ. போன மாதம் இருட்டில நங்கூரத்தில இடிச்ச விரல் இது." விரலை எல்லோருக்கும் காட்டினார்.

வாக்கெடுக்கும் முறைதான் எனக்குப் புதிது. கை உயர்த்தச் சொன்னால் சிலர் இரண்டுக்கும் உயர்த்துகிறார்களாம். அதனால் இடப்பக்கம் நாற்பது கதிரை, வலப்பக்கம் நாற்பது கதிரை. கூரை வேண்டியவர்கள் இடப்பக்கம், விளக்கு வேண்டியவர்கள் வலப்பக்கம். பிறகு எண்ணுவது வெறும் கதிரைகளை. "ஆக்களை எண்ண ஏலாது, ஆடிக்கொண்டே இருப்பினம். வெறுங்கதிரை அசையாது," என்றார் கூட்டத்தை நடத்திய சபைத் தவிசாளர், ஐம்பது வயதுப் பெண்மணி.

எல்லோரும் இடம் மாறி அமர்ந்த நேரத்தில் நான் மண்டபத்தின் படத்தைக் குறிப்புப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் எட்டு வெறுங்கதிரை, வலப்பக்கம் ஒன்பது. ஒரு வாக்கால் கூரை வென்றது. பரீதா கைதட்டினார். நானும் தட்டினேன். பிறகு படத்தில் ஆள் இருந்த கதிரைகளுக்கு மை தீட்டும்போது, இடப்பக்கம் ஃபானுக்குக் கீழே ஒரு சதுரம் மிஞ்சியது. அது நான்.

பேசாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெண்ணின் கூடை நனையாதே. ஆனால் இந்த முறையைப் பற்றி நான் ஊருக்கு எழுதப்போவதில் முதல் வரியே பொய்யாகிவிடும். எழுந்தேன்.

"மன்னியுங்கோ. நான் வவுனியாவில இருந்து வந்தனான். இந்தக் கதிரையும் வெறுங்கதிரைதான்."

மண்டபம் சிரித்தது. "ஐயாவுக்கும் கருவாடு குடுத்தே இருத்தி வச்சனீங்கள்?" என்று யோகன் கேட்டார்.

"குடுக்கேல்ல," என்றார் பரீதா. "இனிக் குடுக்கவும் மாட்டன்."

இப்போது ஒன்பதுக்கு ஒன்பது. தவிசாளர் தன் வாக்கைப் போட்டு முடித்திருக்கலாம். "நான் போட்டால் அடுத்த முறை ஒருத்தரும் வரமாட்டினம். பத்து நிமிசம் தாறன், நீங்களே கதையுங்கோ," என்றார். என் கைக்கடிகாரப்படி நாற்பத்திரண்டு நிமிடம் ஆனது. நான் வாசலுக்கு வெளியே நின்றேன். எந்தக் கதிரையிலும் இருக்கத் துணிவில்லை. முடிவு இது: கூரை பாதி நீளம். தூண் நடுகிற வேலையை மீனவர்கள் கூலியில்லாமல் செய்வார்கள். அதில் மிஞ்சும் காசுக்கு ஒழுங்கைத் திருப்பத்தில் இரண்டு விளக்கு. மீதிக் கூரை அடுத்த வருடம், காசு வந்தால்.

2.15 பஸ்ஸுக்காகத் தரிப்பிடத்துக்கு வந்தபோது யோகன் காலடியால் அளந்து பாதிக் கூரைக்கு எல்லைக் கல் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தார். சந்தைக்குப் புறப்பட்ட பரீதா அங்கே நின்றார்.

"ஐயா, கல்லுக்கு அங்கால நில்லுங்கோ. இது கூரை வாற பக்கம்."

"இன்னும் கூரை போடேல்லையே."

"இப்பவே பழகுங்கோ."

நான் நகர்ந்து நின்றேன். தூறல் தொடங்கியது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. அவர் கூடையை மூடியிருந்த பொலித்தீனை இழுத்துவிட்டுச் சிரித்தார்.

இப்படியொரு கூட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். போக வர பஸ்ஸுக்கு 900 ரூபாய் போதும். கார்த்திகையில் குடை அவசியம். பணிஸை மான் இல்லாத இடத்தில் சாப்பிடுங்கள். விருந்தினர் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்காமல் இருக்காதீர்கள். வருகிற ஞாயிறு எங்கள் சங்கத்தில் இதைச் சுருக்கி ஓர் அறிக்கையாக எழுந்து நின்று வாசிக்க வேண்டும். என் கதிரை விடயத்தை விட்டுவிடலாமா என்று இருமுறை யோசித்தேன். விடவில்லை. அதுதான் அறிக்கையின் முதல் வரி.