நல்ல துரை இருக்கும்வரை

அத்தை செவ்வந்தி மாலையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தாள். துரை அதற்காகக் கழுத்தைத் தாழ்த்தியிருந்தார். புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில், மாற்றலாகிப் போகும் துரைக்கு அன்று பிரியாவிடை. நாங்கள் துரை என்று கூப்பிட்ட மேனேஜர்களிலேயே நல்ல மனிதர் அவர். யாருக்கு முடியாமல் போனாலும் தோட்டத்து வேனை உடனே அனுப்புவார். அத்தைக்கு இழுப்பு வந்து மூச்சுத் திணறியபோது, வேன் பழுதாகிக் கிடந்ததால் தன் ஜீப்பிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதனால்தான் முதல் மாலையை அவள் போட வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

"தொரை, நீங்க போனப்பொறவும் வண்டி குடுக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போங்க" என்றாள் அத்தை.

கூட்டம் சிரித்தது. துரை சிரிக்கவில்லை.

"நான் எழுதிப் பிரயோசனம் இல்ல அம்மா. அடுத்த தொரை கிழிச்சுப் போடலாம். அதுக்குச் சட்டம் வேணும்."

அத்தை மாலையைப் போட்டுவிட்டு வந்தாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டாள் என்று அப்பா இரண்டு நாள் திட்டினார். பெரியவர்கள் அவளை ஒதுக்கினாலும் எனக்கு அவள் மேல் பெருமையாக இருந்தது.

புதிதாக வந்தவரும் கெட்டவர் இல்லை. தன்னைக் கேட்காமல் வேன் கேட்டைத் தாண்டக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஒரு மழைப் பகலில் அத்தைக்கு மறுபடி இழுப்பு. துரை கண்டிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. வேன் நின்றது, டிரைவரும் நின்றார். கேட்காமல் எடுத்த முந்தைய டிரைவருக்கு வேலை போயிருந்தது, இவருக்கும் மூன்று பிள்ளைகள். அத்தையைக் கம்பளியில் கிடத்தி மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். பஸ்ஸிலேயே அவள் மூச்சு நின்றது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. யார் மேல் வழக்குப் போடுவது? யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, மீறுவதற்கு ஒரு சட்டமே இல்லை.

இப்போது நான் கண்டியில் குமாஸ்தா. மஹய்யாவையில் வீடு. நாடு முழுக்க இலவச வைத்தியம் என்கிறோம். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த வைத்தியத்தின் வாசல்வரை போய்ச் சேர்வது இன்னும் ஒருவருடைய மனசில்தான் இருக்கிறது. தோட்டத்து வைத்தியத்தை அரசு முழுதாகப் பொறுப்பேற்க வேண்டும், நோயாளியை ஏற்றிப் போவதைக் கடமையாக்கிச் சட்டம் வேண்டும் என்று கூப்பிடுகிற கூட்டங்களில் எல்லாம் பேசுகிறேன். கை தட்டுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், கலைந்து போகிறோம்.

அம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னோடு வந்து இரு என்றால், டவுனில் தனக்கு மூச்சு முட்டுகிறது என்கிறாள். போன வாரம் போனில் குரல் நிறைய சந்தோஷம்.

"இப்ப வந்திருக்கிற தொரை தங்கமான மனுசன் பாப்பா. எந்நேரம் கேட்டாலும் வண்டி அனுப்புறாரு. நீ பயப்படாத."

நல்லதும்மா என்று போனை வைத்தேன். மறுநாள் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் நின்றேன். சட்டம் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் துரைக்கு மாற்றல் வரக்கூடாது என்று கேட்டேன்.