சந்தனம் பூசிய ரைபிள்

நேற்றுக் காலை கோயிலிலிருந்து வந்த கையோடு, கராஜ் கதவின் கீச்சொலியை நிறுத்தலாமென்று எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தின்மீது இரண்டு சொட்டு வழிந்தது. அவ்வளவுதான். சந்தனமும் இரும்புக்குப் போடுகிற எண்ணெயும் சேர்ந்தால் வருகிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க வாய்ப்பில்லை. நான் முகர்ந்திருக்கிறேன், பாஸ்கரன் வீட்டுப் பூஜை அலமாரியில். கதவு இன்னும் கீச்சிடுகிறது. நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ்கரன் கோயம்புத்தூர்க்காரன். மெல்பர்னுக்குக் காரில் ஒரு பகல் தூரமுள்ள பரமட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு காலைகளில் ஹரிஸ் பார்க்கில் ஒரு தோசைக்கடையின் மூலை மேசையில் அவனும் நானும் சிவா அண்ணையும் கூடுவோம். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். மற்ற மேசைகள் வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் செலக்டிவ் பள்ளி நுழைவுப் பரீட்சை என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, எங்கள் மேசையில் மட்டும் துப்பாக்கி. த்ரீ-நாட்-எயிட் காலிபர் குழல் நல்லதா, டூ-டூ-த்ரீ போதுமா, எந்தத் தோட்டா எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும். சட்னிக் கிண்ணம் குன்றாகும், உப்புப் புட்டி காட்டுப்பன்றியாகும், பாஸ்கரனின் ஆள்காட்டி விரல் குழலாகும். உளுந்துவடைக்குப் பின்னால் பதுங்கி அவன் சாய்த்தவையெல்லாம் நிஜமாயிருந்தால் இந்த மாநிலத்தில் ஒரு பன்றியும் மிஞ்சியிருக்காது.

நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் பக்கக் காற்று குண்டை எப்படித் தள்ளும் என்பதில் எனக்கும் உறுதியான கருத்து இருந்தது. கருத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை.

துப்பாக்கிக்குத் தேவை. எதற்காக என்று காரணம் சொல்ல வேண்டும். உயிரைக் காத்துக்கொள்ள என்றால் கிடையாது. விளையாட்டுக்கு என்றால் கிடைக்கும். இந்த நாட்டின் நியாயங்களில் எனக்கு மிகப் பிடித்தது இது. சொன்னபோது சிவா அண்ணை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எங்கட ஊரில எல்லாம் மறுவளமடாப்பா. சுடேக்க என்ன காலிபர் எண்டு ஒருத்தரும் நிண்டு பாக்கேல்லை, ஓடினனாங்கள். இஞ்ச வந்துதான் நம்பரெல்லாம் பாடமாக்கினனான்."

சொல்லி முடித்த மூச்சிலேயே, எந்தக் கடையில் எந்தத் தோட்டா இருக்கிறதென்று போனில் தேடத் தொடங்கிவிட்டார். எங்கள் மூவரில் அவருக்குத்தான் பைத்தியம் முற்றியிருந்தது.

விளையாட்டுக்கு என்று சொல்லி லைசென்ஸ் எடுத்து பாஸ்கரன் வாங்கியது டூ-சிக்ஸ்டி அளவு ரைபிள். ஏன்டா என்று கேட்டேன். "தள்ளுபடில போட்டிருந்தான்" என்றான். தள்ளுபடியின் காரணம் பிறகு தெரிந்தது. அந்த அளவுத் தோட்டா பக்கத்துப் பென்ரித்தில் இல்லை, இங்குள்ள லிவர்பூலில் இல்லை, எங்குமே இல்லை. கப்பலில் வருகிறது என்றார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற பரம்பரை அல்லவா, அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரமும் போய் நிற்போம். தோட்டா வரவில்லை. பாஸ்கரன் சுடாத துப்பாக்கியைத் துடைத்தான், எண்ணெய் போட்டான், மறுபடி துடைத்தான். அழுக்கே படாத பொருளை இவ்வளவு அன்பாக யாரும் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை.

அப்படியிருக்கையில் ஆயுத பூஜை வந்தது. ஊரில் எதையெல்லாம் வைப்போம்? ஸ்பேனர், தையல் மெஷின், லேப்டாப். பேருக்குத்தான் அவை ஆயுதம். பாஸ்கரனிடம் அசல் ஆயுதமே இருந்தது, விடுவானா? இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே சாய்த்து, குழல் நெடுகச் சந்தனம் பூசி, மேலே பூட்டியிருந்த தொலைநோக்கியின் கண்ணாடியில் குங்குமமும் வைத்துவிட்டான்.

"டேய், லென்ஸ்டா!"

"நெத்திக்கண்ணுடா."

விசையில் சாமந்திச் சரம் தொங்கியது. பக்கத்தில், தோட்டா வைக்கவேண்டிய இடத்தில், ஓர் எலுமிச்சம்பழம்.

"பொலிஸ் வந்தால் என்னடாப்பா செய்யிறது?" என்றார் சிவா அண்ணை.

"சுண்டல் குடுப்போம்ணா."

மணியடிக்கும்போது அவன் மனைவி மாலதி வந்தாள். மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து சீருடையோடு நின்றாள். அலமாரியைப் பார்த்தாள், கற்பூரத் தட்டோடு நின்ற எங்களைப் பார்த்தாள். பிள்ளையாரை எடுத்தாள். முருகனை எடுத்தாள். விளக்கைக் கையால் அணைத்து அதையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"மெல்பர்னுக்கு, அக்கா வீட்டுக்கு. நீங்க அதையே கும்பிட்டுக்கங்க. அது இந்த வீட்ல இருக்கிற வரைக்கும் நானும் வர மாட்டேன், இவங்களும் வர மாட்டாங்க."

மறுநாள் போயே விட்டாள். துப்பாக்கிப் பெட்டியைக் கராஜுக்கு மாற்றுகிறேன், கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றுகிறேன் என்று பாஸ்கரன் போனில் கெஞ்சினான். பதிலுக்கு, த பேசின் என்ற மெல்பர்ன் புறநகரின் பிள்ளையார் கோயில் வாசலில் தான் தனியாக நிற்கும் படத்தை அனுப்பினாள்.

விற்கப் பார்த்தான். தோட்டா கிடைக்காத துப்பாக்கியை யார் வாங்குவார்கள்? கடைசியில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க மூவரும் போனோம். தாடிக்காரக் கடைக்காரர் குழலை முகர்ந்துவிட்டு, இது என்ன புதுவகை எண்ணெய், துருவுக்கு நல்லதா என்று ஆர்வமாகக் கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம். கையெழுத்துப் போடும் நேரத்தில், உங்கள் டூ-சிக்ஸ்டி தோட்டா இன்று காலைதான் வந்தது என்று ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார்.

பேனா அந்தரத்தில் நின்றது. பாஸ்கரன் ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். பித்தளை மினுங்கியது. ஞாயிறு தோறும் வாயால் சுட்டுக்கொண்டிருந்த மூன்று பேர், திருவிழாக் கடையில் பலூன் பார்க்கிற பிள்ளைகளைப்போல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவன் தோட்டாவைப் பெட்டியில் வைத்தான். கையெழுத்துப் போட்டான்.

அந்தத் தோசைக்கடை இப்போது போன் பழுதுபார்க்கும் கடை. சிவா அண்ணை தூண்டில் முட்களின் நம்பர்களைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார். பாஸ்கரன் மெல்பர்னிலேயே வேலை தேடிக்கொண்டான். இங்கே பக்கக் காற்றைப் பற்றிக் கருத்துக் கேட்க எனக்கு ஆளில்லை.

அன்று துப்பாக்கிக் கடை வாசலிலிருந்தே நேராக மெல்பர்னுக்குக் காரை எடுத்தான். சிவா அண்ணைக்குத்தான் ஆறவில்லை. ஜன்னலில் குனிந்து, "ஒரு பெட்டி வாங்கி ஒருக்கா எண்டாலும் சுட்டுப்போட்டுக் குடுத்திருக்கலாமே, ஏனடாப்பா?" என்றார்.

பாஸ்கரன் பாதையைப் பார்த்தபடி சொன்னான்: "சுட்டிருந்தா குடுக்க மனசு வந்திருக்காதுண்ணா. வர்றேன்."