வாசல் நிலை உயரத்துக்குக் காற்று

ஒரு காருக்கு வெளியிலிருந்து மூச்சு ஊட்ட முடியும் என்று அக்காவை நம்பவைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. அத்தானுக்கு மூன்று நிமிஷம் போதுமாக இருந்தது. அவர் சங்கு குளித்தவர். மூச்சைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

போன வருஷம் நடந்தது இது. நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தூத்துக்குடியில் அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். அத்தானுக்கு அதற்கு முந்தைய சீசனில் கடலுக்கடியில் இடது காது கிழிந்து ரத்தம் வந்து, கேட்பது நின்றுபோயிருந்தது. இன்னொரு சீசன் இறங்கினால் வலதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் படகிலிருந்த பங்கை விட்டுவிட்டு ஒரு பழைய சீமைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்திருந்தார். அந்தக் காருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஆள் இல்லாமல் நன்றாக ஓடும். நாலு பேர் ஏறினால் கட்டை வண்டி முந்திக்கொண்டு போகும்.

துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றின் மேனேஜர், மாலுமிகளை ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார். அவர் வைத்த பரீட்சை இது: ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவர் குடும்பத்தையும் சாத்தான்குளத்தில் அவர் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். வழியில் தேரிக்காட்டில் ஒரு மைல் தூரத்துக்குச் செம்மணல் ரோட்டை மூடிக் கிடக்கும். அங்கே இறங்கித் தள்ளச் சொன்னால் அவர் வேறு கார் பார்த்துக்கொள்வார்.

அக்கா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வாடகை கிடைக்கலன்னாலும் சரி, நீ நோண்டி இஞ்சினு போச்சுன்னாலும் சரி, அவுக மறுபடி கடல்ல எறங்கிருவாக. அந்த ஒரு காதும் போவும். தெரியுதா?"

தெரிந்தது. ஆனாலும் நோண்டினேன். நோண்டாமல் அந்தக் கார் தேரியைத் தாண்டாது.

பழைய இரும்புக் கடையில் கப்பல் டீசல் இஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய ஊதுபெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே இரண்டு உருளைகள், ஒன்றையொன்று தொடாமல் கும்மியடித்தபடி காற்றை அள்ளித் தள்ளும். படித்தவர்கள் இதை சூப்பர்சார்ஜர் என்பார்கள்.

"இது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கியா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"சூப்பர்சார்ஜர் அண்ணாச்சி."

"அப்படியா! நான் இம்புட்டு நாளா கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். தூக்கிட்டுப் போ. காத்தடிச்சா கதவுக்கு வேற பாத்துக்கிடுதேன்."

இஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் மூலம் ஊதுபெட்டியும் சுற்ற வேண்டும்; அது தள்ளும் காற்று கார்புரேட்டருக்குள் போக வேண்டும். இதை நான் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் வரைந்து விளக்கினேன். அத்தான் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நேராகப் படத்தின் நெஞ்சில் கைவைத்தார்.

"மிதிச்சா காத்து உள்ள போவும், சரி மாப்ள. கால எடுத்தா?"

"கார்புரேட்டர் கதவு மூடிரும் அத்தான்."

"அப்ப இந்த இரும்பு நிக்குமா?"

"நிக்காது. அது பாட்டுக்கு ஊதிக்கிட்டே இருக்கும்."

"அந்தக் காத்து எங்க போவும்?"

நான் படத்தில் தேடினேன். அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, "இப்படித்தான் போவும்" என்றார்.

என் வாத்தியார்களில் யாரும் பைபாஸ் வால்வை இத்தனை சுருக்கமாக நடத்தியதில்லை.

ஆகவே இரண்டு வால்வுகள் செய்தேன். ஒன்று வில், அதாவது ஸ்பிரிங், வைத்தது. அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் வில்லைத் தள்ளித் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். வில்லுக்கு அடியில் வாஷர் சேர்த்தால் அழுத்தம் கூடும், எடுத்தால் குறையும். மற்றது பைபாஸ். கால் எடுத்ததும் இஞ்சின் உள்ளே உறிஞ்சும் உறிஞ்சலில் ஒரு ரப்பர் தகடு வளைந்து, வால்வைத் திறந்து, ஊதுபெட்டியின் காற்றை அதன் வாய்க்கே திருப்பிவிடும். ரப்பர், பழைய சைக்கிள் டியூப்.

அழுத்தத்தை அளக்க மீட்டர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு ஊறுகாய் ஜாடி. அதில் தண்ணீர் ஊற்றி, நீலம் கரைத்து, வாயை இறுக்க அடைத்து, ஒரு குழாயை இஞ்சினில் மாட்டி, அடிவரை முங்கிய இன்னொரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வீட்டுச் சுவரோடு ஓடு வரைக்கும் ஏற்றி ஆணி அடித்தேன். காற்று ஜாடியை அழுத்தினால் நீலத் தண்ணீர் சுவரில் ஏறும். எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு அழுத்தம். எங்கள் வீட்டில் மூன்று அளவுகள் இருந்தன: ஜன்னல் அடி, வாசல் நிலை, ஓட்டு விளிம்பு. ஏணியில் அக்கா.

"ஜன்னல்!" என்று கத்துவாள். நான் வாஷர் சேர்ப்பேன். அத்தான் மிதிப்பார். "ஜன்னலத் தாண்டிட்டு! நிலைக்கு ஒரு சாண் கீழ!"

கணக்குப் போட்டுப் பார்த்ததில் அந்தக் கிழட்டு இஞ்சின் தாங்கக்கூடியது வாசல் நிலை வரைக்கும்தான். இரண்டாம் நாள் வில் சிக்கிக்கொண்டு வால்வு திறக்கவில்லை. தண்ணீர் நிலையைத் தாண்டி, ஓட்டைத் தாண்டி, குழாயின் மேல்வாய் வழியாகப் பீறிட்டு, கொடியில் கிடந்த அத்தானின் ஒரே நல்ல வேட்டி மேல் மழையாகப் பெய்தது.

"சேசுவே! வானத்துக்கே போயிட்டுலே!" என்றாள் அக்கா. நீலம் எத்தனை அலசியும் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் வாசல் நிலையில் வந்து அசையாமல் நின்றது. அதோடு நான் கையைக் கழுவியிருக்க வேண்டும். எல்லோரும் சாப்பிடப் போனதும், வில்லுக்கு அடியில் இன்னும் ஒரே ஒரு வாஷர் போட்டேன். கொஞ்சம் கூடுதல் பலம் இருந்தால் தேரியில் உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், சும்மா இருக்க என்னால் முடியவில்லை. குழாய் மாட்டி அளந்தும் பார்க்கவில்லை. அளந்தால் அக்கா ஏணியில் ஏறுவாள், கேள்வி கேட்பாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து காரைக் கிளப்பினால் பைபாஸ் வேலை செய்யவில்லை. சைக்கிள் டியூப் ரப்பர் பெட்ரோல் ஆவியில் ஊதி, அப்பளம் மாதிரி கிழிந்திருந்தது. இன்னொன்று வெட்ட நேரமில்லை. மேனேஜர் எட்டு மணிக்கு நிற்பார். வால்வின் கைப்பிடியில் தங்கூசி நரம்பைக் கட்டி, துளை வழியாகக் காருக்குள் கொண்டுவந்தேன். மீன் தூண்டிலுக்குப் போடும் அந்த நரம்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவர் கால் எடுக்கும்போதெல்லாம் இழுக்க வேண்டும்.

"நான் ஓட்டுதேன் அத்தான். நீங்க இழுங்க. எனக்குத்தான் மிஷின் தெரியும்."

"முடியாது," என்றாள் அக்கா. "கயித்த யாரு பிடிக்கணும்?"

அதற்குப் பதில் எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். முத்துக்கோ சங்குக்கோ முங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்துக்கொண்டிருப்பது அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். மற்றவன் கண் அசரலாம். கூடப்பிறந்தவளின் தாலி கயிற்று நுனியில் தொங்கும்போது மச்சினன் அசர மாட்டான் என்பது கணக்கு. அத்தான் ஸ்டியரிங் பக்கம் ஏறினார், நீல வேட்டியில். நான் டிப்ளமாவோடு இடது பக்கம் ஏறி நரம்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டேன்.

ஏறின பிறகுதான் உறைத்தது: நான் இருப்பது அவருடைய கேளாத காதுப் பக்கம்.

மேனேஜர், அவர் சம்சாரம், இரண்டு பிள்ளைகள். டிக்கியில் மாமனார் வீட்டுக்குச் சீதனம் மாதிரி ஒரு புது ஆட்டுரல். நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

உப்பளங்களைத் தாண்டும்வரை ராஜபவனி. அத்தான் கால் எடுப்பார், நான் இழுப்பேன், கார் "ஃபூஸ்ஸ்" என்று விடும்.

"அப்பா, காரு பெருமூச்சு விடுது!" என்றான் பின்னாலிருந்து பையன்.

"ஏம்பா, அது என்ன கயிறு?" என்றார் மேனேஜர்.

"பிரேக்கு மாதிரி சார்," என்றார் அத்தான். அதற்குப் பிறகு மேனேஜர் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

தேரிக்காடு வந்தது. ரோடு மறைந்து செம்மணல் ஆனது. அத்தான் மிதித்தார். சக்கரம் புதைந்து, திமிறி, பிடித்துக்கொண்டது. கிழட்டுக் கார் ஆட்டுரலோடு மணலில் ஏறியது. நான் சந்தோஷத்தில் கத்தப் போனேன். அப்போது கேட்டது.

டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி, கிணுகிணுகிணு. நாக்கிங். அழுத்தம் கூடிப்போய், பெட்ரோல் தன் முறை வருமுன்னே உள்ளே வெடிக்கிற சத்தம். இப்படியே ரெண்டு நிமிஷம் போனால் பிஸ்டன் ஓட்டையாகும். அத்தானுக்குக் கேட்கவில்லை. இடது காது இல்லை. வலது காதில் தேரிக் காற்று.

"அத்தான்! கால எடுங்க!"

அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு இன்னும் மிதித்தார்.

என் வாஷர் அது. அந்த ஒரு வாஷர். நரம்பை முழுசாக இழுத்தால் காற்று போய் கார் மணலில் உட்காரும், வாடகை போகும். இழுக்காவிட்டால் இஞ்சின் போகும். எதுவானாலும் அக்கா சொன்ன இடத்தில்தான் போய் முடியும்.

ஒரு விரலளவு இழுத்தேன். சத்தம் நிற்கவில்லை. இன்னும் அரை விரல். நின்றது. கார் தொய்ந்தது, ஆனால் ஊர்ந்தது. கொஞ்சம் விட்டேன், கிணுகிணு. மறுபடி இழுத்தேன். இப்படி, காதில் கேட்டுக் கேட்டு, விட்டும் பிடித்தும், நரம்பை அந்த நூலிழை இடத்தில் நிறுத்திக்கொண்டே போனேன். நரம்பு விரலை அறுத்தது. காரின் வேகம் மாறுவதை அத்தான் காலால் உணர்ந்து ஒருமுறை திரும்பி என் கையைப் பார்த்தார். அவ்வளவுதான். ஏன் இழுக்கிறாய் என்று கேட்கவில்லை. நான் இழுத்தால் காலைத் தளர்த்தினார், விட்டால் மிதித்தார். மேலே கயிறு அசைந்தால் கீழே இருப்பவர் காரணம் கேட்பதில்லை.

அந்த ஒரு மைல் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தார் ரோட்டில் முன்சக்கரம் ஏறியதும் பையன் கை தட்டினான்.

சாத்தான்குளத்தில் மேனேஜர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா தள்ளச் சொல்லலியே. நாளைலேருந்து ஹார்பருக்கு வந்துருங்க. இந்த நீல வேட்டி நல்லாருக்கு, யூனிபாரம் மாதிரி. அதையே கட்டிக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் குழாயை மாட்டினேன். அக்கா கேட்காமலே ஏணியில் ஏறினாள். அத்தான் மிதித்தார். நீலத் தண்ணீர் வாசல் நிலையில் நிற்காமல் ஓட்டு விளிம்பைத் தொட்டது.

"ஏலே, இது எப்பம்ல கூடிச்சு?"

வில்லைக் கழற்றி அந்த வாஷரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தேரியில் என்ன நடந்தது என்பதையும், அத்தானின் வலது பக்கம் நின்றுகொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா ஏணியிலிருந்தே என் தலையில் ஒன்று வைத்தாள். அத்தான் நரம்பு அறுத்த என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"கேட்டுச்சுல்லா உனக்கு?"

"கேட்டுச்சு அத்தான்."

"இழுத்தெல்லா?"

"இழுத்தேன்."

"பெறகென்ன. சோறு போடுளா," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாஷர் இப்போது அக்காவின் சாவிக்கொத்தில் இருக்கிறது. ஊதுபெட்டிப் பக்கம் நான் போகும்போதெல்லாம் அதைக் கிலுக்குவாள்.

மறுவாரமே நல்ல ரப்பரில் தகடு வெட்டிப் போட்டேன். பைபாஸ் தன்னால் திறக்கிறது, தன்னால் மூடுகிறது. நரம்புக்கு வேலையில்லை, அறுத்துவிடலாம் என்றேன். அத்தான் விடவில்லை. சங்குச் சீசன் தொடங்கி படகுகள் போன அன்று காலையில் அவர், நான் பக்கத்தில் இருக்க, காரைக் கடற்கரையோரம் நிறுத்தி, கடைசிப் பாய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருகுமுன் நரம்பு நுனியை எடுத்து என் கையில் வைத்தார்.

"பிடி மாப்ள. கப்பல் வந்துட்டு, போவோம்."