அத்தை பேசிய இடத்தில் ஒரு டூயட்

என் கல்யாண வீடியோ டிஸ்க் வந்த பெட்டி ரோஜாப்பூ நிறம். அட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு இதயத்துக்குள் நிற்கிறோம், பின்னால் பனிமலை. நான் கடப்பாக்கத்துக்காரி, அவர் கருங்குழிக்காரர். இரண்டு பேரும் பனியை ஐஸ் பெட்டியில்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பெட்டியை முதலில் திறந்தது என் அத்தை, அப்பாவின் அக்கா. டிஸ்க்கின் ஓரத்தை மட்டும் விரலால் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இதுக்குள்ளதாண்டி கீது உன் படிப்பு” என்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அப்போது நான் செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம் மட்டும் பாக்கி. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள், களை எடுத்தவர்கள். அத்தைதான் முதலில் வெளியே வந்தாள். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. என்னை நர்சிங்கில் சேர்த்ததும் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா உடனே தலையாட்டிவிட்டாள். அத்தை ஆட்டவில்லை. “படிப்ப முடிக்க வுடுவாங்களான்னு கேளு” என்றாள். மாமனார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே “வுடுவோம், வுடுவோம்” என்றார். அத்தைக்கு அது போதவில்லை. நாலு சுவருக்குள் சொன்னதை மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாண வீடியோவுக்கு ஒரு மரியாதை இருந்தது. படம் பார்க்க மட்டுமில்லை, பஞ்சாயத்துக்கும் அதுதான். தன்னை மாலை எடுத்துக் கொடுக்கக் கூப்பிடவில்லை என்று ஒரு சித்தப்பா முறுக்கிக்கொண்டு போவார். கூப்பிட்டோம், நீதான் பந்தியில் இருந்தாய் என்பார்கள். பேச்சு தடித்தால் யாராவது ஒருவர், “டிஸ்க்கப் போட்டுப் பாருய்யா” என்பார். போட்டுப் பார்ப்பார்கள். சித்தப்பா வாயில் வடையோடு மாட்டுவார். சண்டை முடிந்துவிடும். எத்தனையோ வீட்டில் அப்படித்தான் முடிந்தது. அதனால் அத்தை கேமராவை நம்பினாள். அதில் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது.

ரிசப்ஷன் அன்றைக்கு மேடையில் கூட்டம். வீடியோக்காரரின் விளக்கு எங்கள் மேல் விழுந்த நேரமாகப் பார்த்து, பாட்டுக் கச்சேரிக்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அத்தை ஏறிவிட்டாள். பரிசுப் பொட்டலம் கொடுக்க நின்றவர்களெல்லாம் ஒதுங்கினார்கள். “சம்பந்தி, இங்க வாங்க. எம் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு கீது. அனுப்புவீங்களா, மாட்டீங்களா? எல்லார் எதிர்லயும் சொல்லுங்க.” கூட்டம் சிரித்தது. “சம்பந்தி மாட்னாருடா!” என்று கீழேயிருந்து ஒருவன் விசிலடித்தான். மாமனாரும் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். அவர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவர். “அனுப்பாம இன்னா சம்பந்திம்மா? ஒரு வருசந்தான? எம் வண்டியிலயே நானே கொண்டாந்து வுடறேன்” என்றார். கை தட்டினார்கள். நான் பக்கத்தில் மாலையோடு நின்றேன். அத்தை திரும்பி வீடியோக்காரரிடம், “இன்னா நைனா, புடிச்சிகினியா?” என்றாள். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

கல்யாணம் முடிந்து லீவும் முடிந்தது. நான் பையை எடுத்து வைத்தேன். மாமனார், “எங்க கெளம்பிட்ட?” என்றார். சொன்னேன். “அதெல்லாம் மேடையில சிரிக்கறதுக்குப் பேசறதும்மா. அப்பிடியா நா சொன்னேன்?” என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். செய்தி தெரிந்ததும் அத்தை பஸ் பிடித்து வந்தாள். சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “டிஸ்க்கு வரட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். டிஸ்க் வருகிற வரைக்கும் நானும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கினேன்.

டிஸ்க் வந்தது. மாமனார் அதற்கென்றே புது பிளேயர் வாங்கி வைத்திருந்தார். வீடு நிறைய சனம். அத்தை டிவிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெண் அழைப்பு, நலங்கு எல்லாம் ஓடியது. மேடை வந்தது. அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள். மைக்கைப் பிடுங்குகிறாள். வாயைத் திறக்கிறாள். திறந்ததும் ஒரு காதல் டூயட் ஆரம்பித்தது. புல்லாங்குழல், வயலின், ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிறார்கள். படம் மெதுவாக நகர்கிறது. அத்தையின் தலைக்கு மேலே இரண்டு வெள்ளைப் புறா பறக்கிறது. மாமனார் மைக்கை வாங்குகிறார், வாய் அசைகிறது, கை தட்டுகிறார்கள், பாட்டு ஓடுகிறது. அடுத்தது சாப்பாட்டுப் பந்தி. மாமனார் நாற்காலியில் சாய்ந்து, “பாட்டு சூப்பரா போட்டுகிறான்பா” என்றார்.

மறுநாள் நானும் அத்தையும் மதுராந்தகத்தில் அந்த ஸ்டுடியோவுக்குப் போனோம். வீடியோக்காரருக்கு நாங்கள் பாராட்ட வந்திருக்கிறோம் என்று நினைப்பு. “பேசினது எங்க நைனா?” என்று அத்தை கேட்டாள். “ஒரே எரைச்சல்மா. குழந்தை அழுவுது, ஸ்பீக்கர் கொய்யினு கத்துது. கல்யாண சவுண்ட யாரு வெப்பா? எல்லாத்தையும் எடுத்துட்டு பாட்டு போட்டாத்தான் பாக்க நல்லா இருக்கும். புறா பாத்தீங்களா? அது இப்பத்தான் புதுசா வந்துகிது.” எடுத்த டேப் எங்கே என்று கேட்டோம். அதில் அடுத்த கல்யாணத்தை எடுத்தாகிவிட்டது. ஒரே டேப்பில் பழசை அழித்து அழித்துப் பல கல்யாணம் எடுப்பதுதான் தொழிலே என்று பொறுமையாக விளக்கினார். அத்தை அவரையே பார்த்தாள். “புறா கேட்டனாடா உன்ன? புறாவா எம் பொண்ண படிக்க வெக்கும்?” என்று கத்திவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றாள்.

அவள் அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, தெருவில் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களை எல்லாம் டிவி முன்னால் கூட்டி உட்கார வைத்தாள். மாமனார், “வீடியோ பாக்கணுமா, தாராளமா பாருங்க” என்று பெருந்தன்மையாக நின்றார். அந்த இடம் வந்ததும் அத்தை ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுசாகக் குறைத்தாள். தன் வாய் அசைய அசைய, தான் கேட்ட கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டாள். மாமனாரின் வாய் அசைந்ததும், “இப்ப சொல்லுங்க, இவரு இன்னா சொன்னாரு? நீங்கல்லாம் அங்கதான இருந்தீங்க?” என்றாள். ஒருத்தி தலையைச் சொறிந்தாள். விசிலடித்தவன் தரையைப் பார்த்தான். “எங்களுக்கு எங்கக்கா கேட்டுச்சி? ஒரே பாட்டு சத்தமா இருந்துச்சி” என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு மண்டபத்தில் அந்த நேரத்தில் பாட்டே இல்லை. மைக்கே அத்தை கையில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் காலையில் மாமனாரின் வேனில் ஏறித்தான் வேலைக்குப் போகிறவர்கள். டிஸ்க்கில் பாட்டு இருந்ததால் அவர்கள் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. படிப்பு அங்கேயே நின்றது.

இப்போது நான் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன். ஊசி போடுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். யாராவது கல்யாண வீடியோ காட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் பக்கம் எந்த வீட்டு டிஸ்க்கையாவது போட்டுப் பாருங்கள். செத்துப்போன அப்பன், அம்மா, தம்பி எல்லாரும் வாயைத் திறந்து மூடுவார்கள், ஊரில் இல்லாத ஒருத்தன் பாடுவான். பெற்றவள் மகளைப் பார்த்து அழுதபடி என்ன சொன்னாள் என்று அந்த மகளுக்கே தெரியாது. ஏழை வீட்டில் அவ்வளவு செலவு செய்து ஒருவரின் குரலைப் பிடிப்பதே வாழ்க்கையில் ஒரு தடவை. அதையும் இரைச்சல் என்று அழித்துவிட்டு, அதற்கும் சேர்த்து நம்மிடமே கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். நாமும் பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னோம்.

அத்தை இறந்துபோய்ச் சில வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு என் மகன், கல்லூரியில் படிக்கிறவன், தலையில் மாட்டிப் பார்க்கிற முப்பரிமாணக் கண்ணாடி ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி வந்தான். எங்கள் டிஸ்க்கை ஏதோ மென்பொருளில் போட்டு, ஆட்கள் முன்னும் பின்னுமாக நிற்கிற மாதிரி மாற்றியிருந்தான். வீடே வரிசையில் நின்றது. என் முறை வந்தது. மாட்டிக்கொண்டேன். அத்தை கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாள். மூக்குத்தி, கழுத்து நரம்பு, சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள் எல்லாம் தெரிந்தன. வாயைத் திறந்தாள். காதில் அதே டூயட். புறா என் முகத்துக்கே வந்தது. கழற்றி எறியாமல் கொடுத்தது பெரிய விஷயம்.

பாட்டை மட்டும் பிரித்து எடுக்க முடியாதா என்று மகனைக் கேட்டேன். செய்து பார்த்தான். பாட்டு போனது, அடியில் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேணும்னா அவங்க வாய்ஸ் மாதிரியே இப்ப பண்லாம்மா. இன்னா பேசினாங்கன்னு நீ சொன்னா போதும், அவங்களே பேசற மாதிரி வரும்” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. “அவளே பேசினாடா. நெசமா பேசினா. அத அழிச்சிட்டு இப்ப பொம்மய பேச வெப்பீங்களா?” என்றேன். என் வீட்டுக்காரர், “பண்டிக நாளும் அதுவுமா எதுக்கு?” என்று எப்போதும் போலச் சுவரைப் பார்த்தார்.

அப்போது கண்ணாடி மாமனாரின் தலையில் இருந்தது. அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, வேனெல்லாம் விற்றாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டி, “அடடா, தொட்ற மாதிரி கீதே! சம்பந்திம்மா எதிர்லயே நிக்கறாங்கடா!” என்று குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் போய் நின்றேன். “மாமா, அவங்க உங்கள இன்னா கேக்கறாங்க? நீங்க இன்னா சொன்னீங்க?” என்று கேட்டேன். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மடியில் இறங்கியது. “பாட்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கலியேம்மா” என்றார்.

மகன் தாத்தாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவனிடம் அன்றைக்கு மேடையில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வேனில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னது வரைக்கும், வீட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அதற்குள் டிஸ்க் முடிந்து பாட்டும் நின்றுவிட்டது. உள்ளே பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. மாமனார் மட்டும் கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் எதிரிலேயே நின்றேன். அவர் இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.