போறணைக்குள் பத்துக் குருவிகள்

இன்று காலை இத்தாலியின் பலெர்மோவில் ஆலங்கட்டி மழை. பல்கனியில் ஒரு குருவி விறைத்துக் கிடந்தது. கையில் எடுத்ததும், எனக்கு எட்டு வயதாயிருந்த குளிர்காலம் நினைவுக்கு வந்தது.

அப்போது இதே ஊரில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் குடியிருந்தோம். அபூர்வமாகப் பனி கொட்டிய ஒரு காலை, முற்றமெங்கும் குருவிகள் விழுந்து கிடந்தன. அப்பா பத்தைப் பொறுக்கி வந்து, அம்மா கேக் சுடும் காஸ் போறணையைச் சற்றே சூடாக்கி அணைத்து, அதற்குள் துணி விரித்துக் கிடத்தினார்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த மேல்வீட்டுச் சிஞ்ஞோரா, "இதையும் தின்பீர்களா?" என்று இத்தாலிய மொழியில் கத்தினாள். அப்பா ஒரு குருவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அது காலை உதறியது. அதை அப்பாவிடமே திருப்பித் தந்துவிட்டு, அவள் நம்பாத முகத்தோடுதான் போனாள்.

மதியத்துக்குள் நான்கு குருவிகள் பறந்துவிட்டன. மற்ற ஆறும் போறணைக்குள் இல்லை. எங்கே என்று கேட்கப் பயந்தேன். அம்மா இறைச்சிக்கறி பரிமாறியதும் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"ஏன் பிள்ளை, சாப்பிடேல்லையோ?" என்றபடி அப்பா பல்கனியிலிருந்து வந்தார்.

"இது என்ன இறைச்சி, அப்பா?"

அவர் என்னையே பார்த்தார். "உனக்கும் அந்தச் சந்தேகமோ?"

செத்த ஆறையும் பூச்சாடியில் புதைத்துவிட்டு வந்திருந்தார். நகங்களில் ஈரமண் இருந்தது. அதைக் கண்ட பிறகும் நான் அந்தக் கறியைத் தொடவில்லை.