ஹபிபுரைத் தேடிப் போன தங்கமணி

தங்கமணிக்குக் காக்கிச் சட்டையைக் கண்டால் பயம். அவளுக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஊரில் கூலித் தகராறு வந்து, அவள் அப்பாவைத் தேடிப் போலீஸ் வந்தது. அப்பா கரும்புக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் அடிக்கவில்லை, கத்தவில்லை. வாசலில் நின்று அம்மாவிடம் மெதுவாகப் பேசிவிட்டுப் போனார்கள். அந்த மெதுவான பேச்சுத்தான் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியவளாகி, கல்யாணமாகி, பூதலூருக்குத் தெற்கே புருஷன் ஊருக்கு வந்த பிறகும் ஸ்டேஷன் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போவாள்.

இப்படிப்பட்டவள் சட்டத் தன்னார்வலர் ஆனது ஒரு விபத்து மாதிரிதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்கள், ஊருக்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி நழுவினார்கள். பத்தாவது வரை படித்திருந்த தங்கமணிக்குச் சட்டென்று ஒரு காரணம் கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் பயிற்சி கொடுத்து, போட்டோ ஒட்டிய அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்களை ஆபீசுக்குக் கூட்டிப்போவாள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைப் பற்றி யாராவது வந்து அழுதால் வக்கீலிடம் கொண்டுபோய் விடுவாள். மற்ற நாளெல்லாம், நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போகும் பொன்னுத்தாயின் ஆள்களோடு சேற்றில்தான் இருந்தாள்.

அந்த நடவு வேலையும் குறைந்துகொண்டே வந்தது. மேற்கு வங்காளத்திலிருந்து ஆண்கள் கும்பலாக வந்து கயிறு கட்டி மளமளவென்று நட்டுக் கொடுத்தார்கள். நிலக்காரர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. பொன்னுத்தாய் அவர்களைப் பார்த்தாலே வரப்பில் காறித் துப்புவாள். தங்கமணிக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த ஆள்களுக்குச் சமைத்துப் போட வந்த ஷமீரா என்ற பெண், போர் செட்டில் துணி துவைக்கும்போது, "அக்கா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாள். ஷமீராவின் புருஷன் ஹபிபுர். கூச்ச சுபாவம். தங்கமணியைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான்.

போன சம்பா நடவின்போது ஒரு மத்தியானம், ஷமீரா கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வண்டி வந்துச்சு. ஹபிபுரைப் பிடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. தியாகேசன் என்பவரின் வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் கரையில் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் சாதாரண உடையில் இருந்தார்கள். மற்ற ஆள்கள் வயலுக்குக் குறுக்கே ஓடிவிட்டார்கள். தன்னிடம்தான் ஆதார் இருக்கிறதே என்று ஹபிபுர் நின்றுவிட்டான். அட்டையை வாங்கிப் பார்த்த ஒருவர், இதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாராம். அவன் பாஷையில் ஏதாவது பேசச் சொன்னார்களாம். பேசினான். பங்களாதேஷ்காரன்தான் என்று சொல்லி, முழங்கால் வரை சேறு ஒட்டிய காலோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அவன் இந்தியாதான் அக்கா, முர்ஷிதாபாத். அவன் அப்பாவும் அங்கதான், தாத்தாவும் அங்கதான்," என்று ஷமீரா திரும்பத் திரும்பச் சொன்னாள். "பார்டர் அந்தப் பக்கம் தள்ளி விட்ருவாங்களாம். எங்க ஊர்ல சொல்றாங்க."

தங்கமணி கொல்லைக் கதவைத் திறந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அதற்கப்புறம்தான், இவளை வீட்டுக்குள் வைத்திருப்பதே ஆபத்தாக முடியுமோ என்று தோன்றியது. வெளியே போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

புருஷன் தங்கையன் வந்ததும், இருவரும் வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். தங்கையன் எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்றுகொண்டான். அவள் மட்டும் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"இங்க யாரையும் கொண்டு வரலையேம்மா," என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

"வேற எங்கயாவது கொண்டு போயிருப்பாங்களா சார்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். "நீ யாரு அவனுக்கு?"

தன்னார்வலர் என்று சொன்னாள். அட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். தகப்பன் பேர் கேட்டார். புருஷன் என்ன வேலை பார்க்கிறான், வீடு எந்தத் தெருவில் என்றும் கேட்டார். எல்லாம் மெதுவான குரலில். கடைசியாக, "அவன் சம்சாரம் ஒண்ணு இருக்காமே, அது எங்க இருக்கு?" என்றார்.

தங்கமணி, வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். புளியமரத்தடிக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் தஞ்சாவூர் கோர்ட்டில் ப்ரியம்வதாவைப் பார்த்தாள். சட்ட உதவி வழக்குகளை எடுத்து நடத்தும் வக்கீல் அவர். மன்னார்குடிப் பக்கம். தாத்தா காலத்தில் நிலமெல்லாம் இருந்த குடும்பம். கேட்டதும் அவர் முகம் மாறியது. நாலைந்து இடங்களுக்குப் போன் போட்டுப் பேசினார்.

"இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தணும். இங்க எங்கயும் நிறுத்தலை. விசாரிச்சுட்டேன். அப்ப அவர் எங்க இருக்கார்னு ஹைகோர்ட்தான் கேக்கணும். ஆட்கொணர்வு மனு போடலாம். மதுரைல என் சிநேகிதர் இருக்கார், கட்டணம் இல்லாம நடத்துவார்."

"போடுங்கம்மா."

"யார் பேர்ல போடறது? ஷமீரா பேர்ல போட்டா, அவங்களையும் சேர்த்துக் கூட்டிண்டு போயிடுவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. வேற யாராவது கூடப் போடலாம், சட்டத்துல இடம் இருக்கு. அவரைத் தெரிஞ்சவங்களா இருக்கணும்." தங்கமணியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீங்க போடலாம். ஆனா உங்க பேர் எல்லா இடத்துக்கும் போகும். உங்க ஊர்லயும் தெரிஞ்சுடும். இப்பவே சொல்ல வேண்டாம், வீட்ல பேசிட்டு வாங்க. முடியாதுன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன்."

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். யார் வந்து கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது, பதிலும் சொல்ல வேண்டாம், வக்கீலிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் தியாகேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"தங்கமணி, அவனுங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நடவுக்கு மேஸ்திரிகிட்டதான் பேசினேன். நீ எங்கயாவது பேசும்போது என் வயல்னு சொல்லிடாத," என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. ஊரில் பெரிய ஆள் அவர். அவரே இப்படிப் பயப்படுகிறார் என்றால் தன் கதி என்ன என்று தங்கமணிக்குத் திகிலாகிவிட்டது.

அவர் போனதும் வாசலுக்கு வந்த பொன்னுத்தாய், "நம்ம வயித்துல அடிச்சவனுக்கா நீ பரிஞ்சுகிட்டுப் போற?" என்று கேட்டாள். "இனிமே என் ஆளுங்களோட நீ வர வேணாம்."

தங்கமணி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே, நெல் மூட்டைகளுக்குப் பின்னால், ஷமீரா பாயில் குறுகிக்கொண்டு படுத்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வாய் சோறும் சரியாகத் தின்னவில்லை. இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

வக்கீல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கையன் சொன்னான்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு நம்ம பையனையும் சென்னையில யாராவது இப்படி வண்டியில ஏத்திட்டா, அங்க கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

அவர்கள் மகன் அரவிந்தன் சென்னையில் ஏசி மெக்கானிக். துபாய்க்குப் போக வேண்டும் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். தன் கையெழுத்தால் அது நின்றுபோகுமோ என்ற பயமும் தங்கமணிக்கு இருந்தது. அதைத் தங்கையனிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிப்போயிற்று. ப்ரியம்வதா வேறு தாள் எடுக்கப் போனார். "வேணாம்மா, இன்னொரு தடவை போட்டாலும் இப்படித்தான் வரும்," என்றாள்.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர், பைக்கில். தங்கமணி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தங்கையன் வீட்டில் இல்லை. தெருவில் எதிர்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தண்ணி கொடும்மா," என்றார் ஒருவர்.

கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பு பல்லில் இடிக்க அவர் நிதானமாகக் குடித்தார். மற்றவர் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி உள்ளே பார்த்தார்.

"மதுரைக்கெல்லாம் மனு போடறீங்களாமே. உள்ள யாரு இருக்கா?"

"வக்கீலம்மாகிட்ட கேளுங்க சார்."

"உன் வீட்ல யார் இருக்கான்னு வக்கீலுக்கு எப்படித் தெரியும்?"

"வக்கீலம்மாகிட்ட கேளுங்க சார். நம்பர் தரேன்."

"பையனுக்குப் பாஸ்போர்ட் விசாரணை வருது போல?"

தங்கமணி முறத்தை எடுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஷமீரா மூச்சுவிடுவதுகூடத் தனக்குக் கேட்பதுபோல் இருந்தது. மூன்றாவது தடவையும் அதையே சொன்னாள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அவர் படியிலிருந்து காலை எடுத்தார். வீட்டைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். இருவரும் போய்விட்டார்கள். உளுந்தெல்லாம் கொட்டிக் கிடந்ததை அவள் அப்புறம்தான் பார்த்தாள்.

மனு விசாரணைக்கு வருகிறது என்று தெரிந்த அன்றைக்கே ப்ரியம்வதாவின் போன் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் ஹபிபுரோடு இன்னும் சிலரையும் வைத்திருக்கிறார்கள், அவன் ஊரிலிருந்து பதில் வந்துவிட்டது, இந்தியன்தான், வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். ஷமீராவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. தன்னை வெளியே வரவழைக்கும் தந்திரமாக இருக்கும் என்று பாயை விட்டு எழுந்திருக்க மறுத்தாள். வக்கீலே காரில் வந்து இறங்கிய பிறகுதான் கிளம்பினாள்.

கூடத்து வாசலில் ஹபிபுர் நின்றான். தாடி வளர்ந்து, யாரோ கொடுத்த பெரிய சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தான். கணுக்காலில் வயல் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அடித்தார்களா என்று ப்ரியம்வதா ஹிந்தியில் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றான். ஷமீரா அவன் கையைத் தொட்டபோது சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். அப்புறம் யாரென்று தெரிந்துகொண்டு அழுதான்.

உள்ளே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வேறு முகங்கள் தெரிந்தன. அதில் ஒருவன் தங்கமணியின் அட்டையைப் பார்த்துத் தன் பேரைச் சொன்னான். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாப் பேரையும் அவளால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ப்ரியம்வதா எழுதிக்கொள்ளப் பேனாவை எடுப்பதற்குள் உள்ளேயிருந்து யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். எழுத முடிந்த பேர்களுக்கு மட்டும் பிறகு மனுப் போட்டார்கள். அதில் சிலர் வெளியே வந்தார்கள். சிலரை அதற்குள் வேறு எங்கோ மாற்றியிருந்தார்கள்.

ஹபிபுரும் ஷமீராவும் அன்றே தஞ்சாவூரில் ரயில் ஏறினார்கள். வயலைத் தாண்டி ஓடிய மற்ற ஆள்களும் ஏற்கெனவே ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தியாகேசன் வயலில் பாதி நடவோடு நின்றதைப் பொன்னுத்தாயின் பெண்கள் நட்டு முடித்தார்கள். தங்கமணியைக் கூப்பிடவில்லை. அவள் பூதலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் மாவாட்டப் போனாள்.

அரவிந்தனுக்குப் பாஸ்போர்ட் தாமதமாக வந்தது. அவள் பயந்த காரணத்தாலா, வழக்கமான தாமதமா, யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்குப் பிறகு ஷமீரா போன் செய்தாள். ஹபிபுர் வேலைக்கு எங்கும் போவதில்லை, தெருவில் வேன் சத்தம் கேட்டால் எழுந்து பின்பக்கம் போய் நிற்கிறான் என்றாள். "சரியாப் போயிடும்ல அக்கா?" என்று கேட்டாள்.

"போயிடும்மா," என்றாள் தங்கமணி. தெருமுனையில் ஏதோ பைக் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் பேச்சை நிறுத்தி, அது தாண்டிப் போகும் வரை காத்திருந்தாள்.