தங்கையின் கண்ணில் சரிகை

"கடும் தலைவலி, கண் மங்குதல், கை கால் முக வீக்கம், அதிக ரத்தப்போக்கு இருந்தால் தாமதிக்காமல் வரவும்."

என் தங்கைக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவமனையில் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் கடைசி வரி இது. அட்டையை வாங்கியவள் நான். அதை நான் வாசிக்காமல் விடவில்லை. முன்பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். குழந்தை செவ்வாய்க்கிழமை, நள்ளிரவு கழிந்து சற்று நேரத்தில் பிறந்தது. அட்டையில் திங்கள்கிழமைத் தேதியைப் போட்டிருந்தார்கள். வரிசையில் நின்று, உள்ளே போன எழுத்தர் திரும்பி வரும்வரை காத்திருந்து, திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கினேன். பின்பக்கத்தைப் புரட்டியது நினைவிருக்கிறது. வரிகள் நினைவில்லை.

தேதி விஷயத்தில் நான் அப்படித்தான். கல்லூரி நூலகத்தில் வேலை. விடுமுறை நாட்களில் கூரம், திருப்பருத்திக்குன்றம் என்று போய்க் கல்வெட்டுகளின் ஆட்சியாண்டைக் குறித்துக்கொண்டு வருவேன். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் தங்கையைத் தாய்வீட்டுக்கு அழைக்காமல், நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தறி போட்ட வீடு. அவளும் அவள் கணவரும் சேர்ந்து நெய்பவர்கள். வயிறு தடுக்கும்வரை அவள் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டில் போட வேண்டும். தங்கையின் மாமியார் வியாழக்கிழமை என்றார்.

"விடியறதுக்கு முன்ன பொறந்தா முந்தின நாள் கணக்குதாம்மா. எங்க வூட்ல அப்டித்தான்."

நான் விடவில்லை. அட்டையைக் காட்டினேன். செவ்வாயிலிருந்து எண்ணினால் வெள்ளி வருகிறது என்றேன். வெள்ளி என்றதும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அப்படியே முடிவாயிற்று.

பத்தியச் சமையலை நானே பார்த்துக்கொண்டேன். பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, காலையில் லேகியம். வயிற்றைக் கட்ட அவளுடைய பழைய நூல் புடவை ஒன்றைத் துவைத்துக் காயவைத்துக் கிழித்தேன். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று மாமியார் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. படித்தவள் வந்து பார்த்துக்கொள்வதால் இந்த வீட்டில் அந்தத் தவறு நடக்கவில்லை என்று ஒரு சந்தோஷம் எனக்குள் இருந்தது.

புதன்கிழமை அவள் காலில் கொலுசு இறுகியது. கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்தேன். வியாழக்கிழமை காலையிலிருந்து தலைவலி என்றாள். மாமியார் சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தவள் சொன்னாள்:

"கண்ணுல சரிகை பறக்குது."

தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பகல் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தால், படுத்துக் கண்ணை மூடியபின்னும் பொன்னிறமாய் ஏதோ மின்னிக்கொண்டே இருக்கும். யாரும் அதற்கு மருந்து தேடுவதில்லை.

"மாசமா இருக்கும்போது முழுக்க தறியில உக்காந்துக்கினு இருந்தா பின்ன புறாவா பறக்கும்?" என்றார் மாமியார்.

"எனக்கு தெனம் பறக்குது. அத்த புடிச்சி கண்டுல சுத்துனா ஒரு பொடவைக்கு ஆவும்" என்றார் அவள் கணவர், வாழைமரத்தைக் கட்டிக்கொண்டே.

அவளும் சிரித்தாள். அவர்கள் வெளியே போனதும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இது அது இல்லக்கா. தறியில பாத்தது கண்ண மூடுனாத்தான் தெரியும். இது தொறந்தாலும் இருக்குது. கொழந்த மூஞ்சி பாதிதான் தெரியுது."

"ராத்திரி முழுக்க நீ தூங்கல. தொட்டில் போட்டதும் ஒரு மணி நேரம் படு, சரியாயிடும்" என்றேன்.

பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். குழந்தையைத் தொட்டிலில் இட வேண்டிய அத்தை தென்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். என் கவனமெல்லாம் அந்தப் பஸ்ஸில் இருந்தது. அவர் வந்து, குழந்தையைத் தொட்டிலில் போட்டு, பெண்கள் ஆளுக்கொரு முறை ஆட்டி முடித்தபோது பத்தரைக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தங்கையின் கணவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அவ மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடட்டுமா?"

"ராகு காலத்துல கெளம்ப வேணாம்பா. பந்தி முடியட்டும், நானும் வரேன்."

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. அதைக் கேலி செய்து நான் பேசியதை அவரே கேட்டிருக்கிறார். ஆனால் வீடு நிறைய ஆட்கள். இலை போட்டாகிவிட்டது. பிள்ளை பெற்றவளை நடுவில் கிளப்பிக்கொண்டு போனால் ஆளுக்கொன்று கேட்பார்கள். அவரை மறுபேச்சு பேசவிடாமல் நிறுத்த அந்தச் சொல்தான் கைக்கு வந்தது. பெரியவள் சொல்கிறேன் என்று அவரும் தலையாட்டிவிட்டுப் பரிமாறப் போனார்.

இரண்டாம் பந்தி நடக்கும்போது அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். கை டம்ளருக்கு அந்தப் பக்கம் வெறுமையில் போய் மூடியது. பிறகு வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் என் மடியில் படுத்திருந்தவளுக்கு மருத்துவமனை வாசல் திரும்பும்போது வலிப்பு வந்தது. அவள் பல் கிட்டிக்கொண்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அதை எழுதத் தெரியவில்லை.

பிரஷர் மிகவும் ஏறியிருந்தது. பிரசவத்துக்கு முன்புதான் இது வரும் என்று நான் நினைத்திருந்தேன். குழந்தை பிறந்து நாளான பிறகும் வரும் என்று அங்குதான் தெரிந்தது. ஊசிகள் போட்டு அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, சிறு வயதுப் பெண் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து விவரம் கேட்டார்.

"வீக்கம் எப்பலேர்ந்து?"

"புதன் மதியம்."

"தலைவலி?"

"வியாழன் காலை, ஏழு மணிக்கு மேல."

"கண்ணு?"

"இன்னிக்கு காலைல, குளிச்சதுக்கப்புறம்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கோபம்கூட இல்லை.

"இவ்ளோ கரெக்டா சொல்றீங்க. அப்புறம் ஏம்மா கூட்டிட்டு வரல?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் உள்ளே போனார்.

தங்கை பிழைத்தாள். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் ஜன்னல், பிறகு ஆட்கள், கடைசியாகத்தான் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு. வீட்டுக்கு வந்தபோது பால் குறைந்திருந்தது. அந்த வாரம் முழுக்கக் குழந்தை புட்டிப்பாலில் இருந்ததால் மார்பைப் பிடிக்க மறுத்தது. தன் கண்ணைப் பற்றி அழாதவள் அதற்காக அழுதாள்.

குழந்தை இப்போது நடக்கிறது. தங்கை பாதி நாள் தறியில் உட்காருகிறாள். மாதம் ஒரு முறை பிரஷர் பார்க்க நான்தான் அழைத்துப் போகிறேன். அவள் வேண்டாம் என்றாலும் போகிறேன். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மாமியார் இதைத் திருஷ்டி என்கிறார். அவ்வளவு பேரை ஒரே நாளில் அழைத்திருக்கக்கூடாதாம். யாராவது கேட்டால் அவர் அதைச் சொல்லுகிறார். நான் பக்கத்தில் நின்று மறுக்காமல் கேட்டுக்கொள்கிறேன். திருஷ்டியை நம்பாத நான் இந்த ஒரு இடத்தில் அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

சில சமயம் வீண் கணக்கு ஒன்று போடுவேன். மாமியார் சொன்னபடி வியாழனே விழாவை முடித்திருந்தால், வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் பந்தி இருந்திருக்காது. அவள் சொன்ன அந்த நிமிடமே கிளம்பியிருப்போம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை காலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே தங்கை பேச்சுவாக்கில் சொன்னாள்.

"வெள்ளிக்கெழமை எங்கக்கா? வியாழன் சாயங்காலமே உன்கிட்ட சொன்னேனே, கண்ணு பளபளன்னு வருதுன்னு. நீ ஜமக்காளம் எண்ணிக்கினு இருந்த. 'ம்'னு சொன்ன."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வாய் ஊட்டுவதற்குள் குழந்தை ஓடிவிட்டது, அவளும் பின்னால் எழுந்து போனாள்.

ஜமக்காளம் எண்ணியது நினைவிருக்கிறது. அவள் பக்கத்தில் வந்தது நினைவில்லை. அவள் கணவரைக் கேட்டேன். அந்த நேரத்தில் பந்தல்காரரோடு வெளியே இருந்ததாகச் சொன்னார். மாமியாருக்கு வெள்ளிக்கிழமைதான் நினைவிருக்கிறது. மருத்துவரிடம் நான் வெள்ளி காலை என்று சொன்னேன். அவர் அதையே எழுதிக்கொண்டார். வியாழன் மாலையே அவள் சொல்லி நான் "ம்" என்றேனா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.